வீடில்லாத பிள்ளைங்களுக்கான மாலை வகுப்பு: சொல்லிக் கொடுக்கிறவங்க குழு

செல்வி: சனிக்கிழமையிலருந்து நானும் வர்றேன் அக்கா. 7 வயசுலருந்து 13 வரைக்கும் 9 பிள்ளைங்களாமே. எந்த வகுப்புப் பாடம் எடுக்கிறது?

மல்லிகா அக்கா: வகுப்பும் வேணாம், வயசும் வேணாம்மா. வாசிக்கிற அளவை வெச்சுப் பிரிங்க. நாலு அட்டை போதும்: தனி எழுத்து, சின்னச் சொல், 4 வரிப் பத்தி, 8 வரிக் கதை. முதல்ல பத்தியைக் குடுங்க. சரளமா வாசிச்சா கதை. தடுமாறினா சொல், அதுவும் வரலேன்னா எழுத்து. ஆளுக்கு 5 நிமிஷம்.

மல்லிகா அக்கா: மத்தவங்க காதுல விழாம பாருங்க. 13 வயசுப் பையன் எழுத்துலயே நிக்கிறான்னு சின்னதுங்க முன்னாடி தெரிஞ்சா, மறுநாள் வர மாட்டான்.

ரவி: அவனுக்கு அணில், ஆடு படம் போட்ட அரிச்சுவடியும் வேணாம். அதே எழுத்தைப் பஸ் பலகையிலருந்து எடுத்துக் குடுங்க.

செல்வி: வீட்டுப்பாடம்?

மல்லிகா அக்கா: வேணவே வேணாம். வெளிச்சம் இருக்காது, மழை வந்தா நோட்டும் இருக்காது. ஆளுக்கொரு பை, மேல பேரு, எல்லாம் நம்ம பெட்டியிலயே இருக்கட்டும்.

ரவி: பாடம் அன்னைக்கே ஆரம்பிச்சு அன்னைக்கே முடியணும். "மிச்சம் நாளைக்கு"ன்னா, நாளைக்கு வர முடியாத பிள்ளைக்கு அது அந்தரத்துல நிக்கும். 5 நிமிஷம் பழசு, 15 நிமிஷம் புதுசு ஒண்ணே ஒண்ணு, 10 நிமிஷம் அதையே விளையாட்டா, கடைசியா கதை. இந்த வரிசையை மாத்தாதீங்க. ராத்திரி எங்க படுப்போம்னே தெரியாத பிள்ளைக்கு, அடுத்து கதைதான்னு தெரியறது எவ்வளவு பெரிய தெம்பு!

செல்வி: நாலு நாள் கழிச்சு வந்தா ஏன் வரலேன்னு கேக்கலாமா?

மல்லிகா அக்கா: "வா கண்ணு, உன் பை இங்கதான் இருக்கு." அவ்வளவுதான்.

ஃபாத்திமா: தூங்கி விழுந்தா எழுப்பாதீங்க, 20 நிமிஷம் விடுங்க. பென்சிலை ஒளிச்சு வெச்சா திருட்டுன்னு சொல்லிறாதீங்க, இன்னொண்ணு குடுங்க. நாளைக்கும் கிடைக்கும்னு நம்பிக்கை வந்தா மெல்ல மெல்ல நின்னுரும். சுவர்ல சாஞ்சு, வாசல் கண்ணுல படற மாதிரி உக்கார வைங்க. பின்னாலருந்து தோளைத் தொடாதீங்க. "என் வீடு", "என் குடும்பம்" கட்டுரை வேணாம். "எனக்குப் பிடிச்ச சத்தம்"னு குடுத்துப் பாருங்க.

செல்வி: யாராவது அடிச்சாங்கன்னு பிள்ளை சொன்னா?

ஃபாத்திமா: குறுக்கிடாம கேளுங்க. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் வாக்குக் குடுக்காதீங்க, காப்பாத்த முடியாது. "சொன்னது நல்லது, உன்மேல தப்பில்ல, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்றேன்"னு சொல்லுங்க. துருவிக் கேக்காதீங்க. பிள்ளை சொன்ன வார்த்தையையே எழுதி, அன்னைக்கே குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர்கிட்ட குடுங்க. இந்தக் குழுவுல போடாதீங்க.

ரவி: போட்டோவும் போடாதீங்க. ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையில (1989) 16ஆம் பிரிவு அந்தரங்கம், 28ஆம் பிரிவு படிப்பு. ரெண்டுமே அவங்க உரிமை. நம்ம தயவுன்னு ஒரு பேச்சுலகூட தெரியக்கூடாது.

மல்லிகா அக்கா: இன்னொண்ணு. எதுவரைக்கும் வாசிக்க வருதுன்னு ஒரு சின்ன அட்டையில மாசம் ஒரு தடவை எழுதி, பிளாஸ்டிக் உறையில போட்டு அவங்க கையில குடுங்க. திடீர்னு வேற ஊர் போயிட்டா அங்க இருக்கிற டீச்சர் அதுலருந்தே தொடங்கலாம்.

செல்வி: சரிக்கா. 9 பை தைக்கட்டுமா?

மல்லிகா அக்கா: 12. மூணுல பேரு எழுதாதீங்க. புதுசா வர்ற பிள்ளை பாக்கறப்பவே எழுதிக் குடுக்கணும்.