மெத்திலீன் ப்ளூவ இழுக்குற கரி நிஜ சாயக்கழிவுல ஏன் வேலை செய்யல?

நீலத்துளி:
வணக்கம் எல்லாருக்கும், எம்எஸ்சி ப்ராஜெக்ட் பண்றேன். மரத்தூள காத்து படாம ஃபர்னஸ்ல 500 டிகிரில வச்சு கரியாக்கி அதுல சாயத்தண்ணிய சுத்தம் பண்ண பாக்குறேன். லிட்டருக்கு 50 மில்லிகிராம் மெத்திலீன் ப்ளூ (லேப்ல சோதனைக்கு பயன்படுத்துற நீல சாயம்) கரைசல் 100 மில்லி எடுத்து 0.1 கிராம் கரி போட்டு ரெண்டு மணி நேரம் ஷேக்கர்ல வச்சா 90% போயிடுது. அந்த சந்தோஷத்துல ஒரு டையிங் யூனிட்ல கழிவுத்தண்ணி வாங்கிட்டு வந்து (துணி நாரோட வேதிப்பிணைப்பு போட்டு ஒட்டுற ரியாக்டிவ் சாயம், கருநீல கலர்) அதே மாதிரி பண்ணேன், ஒண்ணுமே மாறல. 664 நானோமீட்டர் அலைநீள ஒளிய எவ்வளவு உறிஞ்சுதுனு பாத்தா 15% தான் குறையுது. கரிய மூணு மடங்கு ஆக்கியும் அப்படியேதான். கைடு கரி சரியில்ல வேற பண்ணுனு சொல்லிட்டாங்க, ரிவ்யூவுக்கு மூணு வாரம் தான் இருக்கு. நெஜமாவே கரி மேல தான் தப்பா?

கரிச்சட்டி:
கரிய தூக்கி போட்றாதீங்க. மெத்திலீன் ப்ளூ பாசிட்டிவ் சார்ஜ் உள்ள சாயம், ரியாக்டிவ் சாயம் சல்போனேட் குரூப்போட நெகட்டிவ். உங்க கழிவுத்தண்ணி பிஹெச் பாத்தீங்களா? ரியாக்டிவ் சாயம் ஏத்த சோடா ஆஷ் போடுவாங்க, அதனால பத்து பதினொண்ணுல நிக்கும், அந்த பிஹெச்ல கரியோட மேற்பரப்பும் நெகட்டிவ் ஆயிடும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளும்போது எவ்வளவு கரி கொட்டினாலும் பெருசா ஒட்டாது. முதல்ல கரியோட ஜீரோ சார்ஜ் பிஹெச் (கரி மேற்பரப்புல மொத்த சார்ஜ் பூஜ்யமா இருக்குற பிஹெச்) எடுங்க. 0.01 மோலார் உப்புத்தண்ணிய ரெண்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வேற வேற பிஹெச்ல வச்சு கரி போட்டு 24 மணி நேரம் ஆட்டுங்க, எந்த பிஹெச் மாறாம நிக்குதோ அதான். அதுக்கு கீழ தண்ணிய கொண்டு போனா கரி பாசிட்டிவ் ஆகும், அப்ப சாயம் வந்து ஒட்டும்.

இன்னொண்ணு, 90% போச்சுனு மட்டும் எழுதாதீங்க, அத வச்சு வேற கரியோட ஒப்பிட முடியாது. ஒரு கிராம் கரி எத்தன மில்லிகிராம் சாயம் பிடிச்சுதுனு சொல்லுங்க. உங்க கணக்குல லிட்டருக்கு 45 மில்லிகிராம் போயிருக்கு, தண்ணி 0.1 லிட்டர், கரி 0.1 கிராம், அப்ப கிராமுக்கு 45 மில்லிகிராம்.

லேப்ராணி:
664 மெத்திலீன் ப்ளூவோட அலைநீளம்ப்பா! கருநீலத்துக்கு உச்சம் வேற எடத்துல இருக்கும். முதல்ல எல்லா அலைநீளத்துலயும் ஃபுல் ஸ்கேன் எடு. கலவை சாயமா இருந்தா 436, 525, 620 நானோமீட்டர் மூணுலயும் பாரு. அப்புறம் கரிய ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டினியா? பேப்பரும் மெத்திலீன் ப்ளூவ பிடிக்கும், கரியே போடாத சாயத்தண்ணிய வடிகட்டி பாரு, பேப்பர் நீலமா நிக்கும், அப்ப உன் 90%ல கொஞ்சம் பேப்பரோட வேலை. சென்ட்ரிஃப்யூஜ் பண்ணு. நான் ஒரு செமஸ்டர் முழுக்க எடுத்த டேட்டாவ இதனால திரும்ப எடுத்தேன்.

நீலத்துளி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி! கழிவோட பிஹெச் 10.6. கரியோட ஜீரோ சார்ஜ் 6.8 வந்துச்சு. ஆசிட் விட்டு 3க்கு கொண்டு வந்து சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி சரியான அலைநீளத்துல பாத்தா 58% போயிருக்கு, குழாய கைல பிடிச்சப்ப பின்னாடி இருந்த நோட்டு எழுத்து தெரிஞ்சுது, எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. மெத்திலீன் ப்ளூ 90% பேப்பர் இல்லாம 83 ஆயிடுச்சு, அதையே எழுதப்போறேன்.

ஈடிபி_ஆள்:
நல்ல விஷயம், ஆனா நான் சுத்திகரிப்பு ப்ளான்ட்ல வேலை பாக்குறவன், ஒண்ணு சொல்றேன். அவ்வளவு தண்ணியையும் 3க்கு இறக்கி மறுபடி ஏத்தினா ஆசிட் செலவு ஒரு பக்கம், தண்ணில உப்பு ஏறுறது இன்னொரு பக்கம். 7 கிட்டயே வேலை செய்யுற மாதிரி கரி மேல கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டுல இருந்து எடுக்குற பொருள்) பூசியோ இரும்பு ஏத்தியோ பாருங்க, மேற்பரப்பு பாசிட்டிவா நிக்கும். ரெண்டாவது, கரி சாயத்த அழிக்கல, எடம் தான் மாத்துது. நான் முன்னாடி இருந்த ஒரு எடத்துல சாயம் பிடிச்ச கரிய மூட்டையா திறந்த வெளில அடுக்கி வச்சிருந்தாங்க, ஒரு ராத்திரி மழைக்கு காலைல போய் பாத்தா வாசல் வரைக்கும் ஊதா கலர்ல ஓடுது, சொல்லியும் யாரும் கேக்கல, இன்னும் எனக்கு ஆறல. அசோ சாயம் (ரியாக்டிவ் சாயத்துல நிறைய இந்த வகைதான்) காத்தில்லாத மண்ணுல போய் உடைஞ்சா அரோமேட்டிக் அமீன் வரும், அதுல சிலது கேன்சர் வரவைக்கும். அதனால பிடிச்ச சாயம் எவ்வளவு திரும்ப வெளிய வருதுன்னும் அளந்து ப்ராஜெக்ட்ல போடுங்க.

நீலத்துளி:
இத நான் யோசிக்கவே இல்லண்ணா. நாளைக்கு அந்த கரிய வெறும் தண்ணில ஒரு தடவ, பிஹெச் 10ல ஒரு தடவ ஆட்டி பாத்துட்டு நம்பர் போடுறேன்.