மறு: 'மணல் ஈ' என்ற சொல்லை விட்டுவிடலாமா?

குழுவினருக்கு வணக்கம். கடிக்கும் பூச்சிகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் அண்ணாச்சி எழுதியதற்கு இது பதில்.

> சாண்ட்ஃபிளைக்கு 'மணல் ஈ' போதுமே. பலரும் எழுதுகிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது.

அண்ணாச்சி, தப்பாகப் புரிகிறதே என்பதுதான் என் கவலை. மணக்குடியில் மாமாவிடம் இந்தச் சொல்லைச் சொன்னதும், "கடப்புறத்துல கடிக்குமே, அதுவா?" என்று கேட்டார். அவர் நினைத்தது வேறு பூச்சி. நாம் பெயர் தேடும் சாண்ட்ஃபிளை, காலா அசார் என்னும் கருங்காய்ச்சலைப் பரப்பும் ஃபிளெபோடமஸ். அதற்குக் கடற்கரை மணலில் வேலையே இல்லை. மண்சுவர் விரிசல், மாட்டுத் தொழுவத்தின் ஈர மண், கறையான் புற்று, இவைதான் அதன் இடம். நம் குமரி மாவட்டத்துக்கு அடுத்திருக்கும் திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியமலைக் காட்டுக் காணிப் பழங்குடி மக்களிடம், சாண்ட்ஃபிளை பரப்பும் இன்னொரு நோயான, தோலில் வரும் லெய்ஷ்மேனியா நோய் பதிவாகியிருக்கிறது. நாளைக்குப் பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு துண்டறிக்கை போட்டால், 'மணல் ஈ' என்று படித்தவர் தம் வீட்டுச் சுவரை ஏன் பார்க்கப் போகிறார்?

மாமா சொன்ன பூச்சியிடம் நானும் கடிபட்டிருக்கிறேன். பழையாறு கடலில் சேரும் பொழிக்கு உள்ளே, காயலோரம், பொழுது சாயும் நேரம். முழங்கைக்குக் கீழே சுருக்கென்றது. பார்த்தால் எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு கரும்புள்ளி. விரலை வைத்ததும் மை மாதிரி தேய்ந்துவிட்டது. இன்னொன்றைப் பிடித்து லென்ஸில் பார்த்தேன், சிறகெல்லாம் புள்ளி. மறுநாள் காலையில் கை முழுக்கக் கடுகு கடுகாய்த் தடிப்பு, மூன்று நாள் ஓயாத அரிப்பு. இது கியூலிகாய்டஸ் வகை. 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், சாதாரணக் கொசுவலையின் கண் வழியாகவே நுழைந்துவிடும். வளர்வது சேற்றிலும் மட்கிய ஈரத்திலும்.

இன்னொன்று, இவை இரண்டையும் 'ஈ' என்பதே எனக்கு உறுத்துகிறது. உணர்கொம்பு நீண்டு, உடல் மெலிந்த இவை பார்வைக்கு வீட்டு ஈயைவிடக் கொசுவுக்குத்தான் நெருக்கம். 'கொசு' என்றாலும் குழப்பம். 'நுளம்பு' நல்ல சொல், ஆனால் யாழ்ப்பாணத்தார் கொசுவையே அப்படித்தான் சொல்கிறார்கள். மிச்சம் இருப்பது 'உலங்கு'. கொசு இனத்தைக் குறிக்கும் பழைய சொல்லாக அகராதியில் இருக்கிறது, பேச்சில் இல்லை. ('உலங்கு வானூர்தி' என்று ஹெலிகாப்டருக்கு ஈழத்தில் வழங்குவதால் காதுக்கும் புதிதல்ல.) அதை எடுத்துக்கொண்டு, வளரும் இடத்தை முன்னால் சேர்க்கலாம். ஃபிளெபோடமஸ் சுவருலங்கு, கியூலிகாய்டஸ் சேற்றுலங்கு. 'கருப்பு ஈ' என்று சொல்கிறோமே, அந்த சிமுலியத்தின் புழு ஓடும் தண்ணீரில் கல்லைப் பற்றிக்கொண்டு வளர்வது, அது ஓடையுலங்கு. பெயரைக் கேட்டதும் எங்கே போய்த் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அப்புறம், உண்மையான ஈக்கள். ஸ்டோமாக்ஸிஸுக்குத் 'தொழுவ ஈ' சரி; பார்வைக்கு வீட்டு ஈதான், வாய் மட்டும் ஊசியாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். 'குதிரை ஈ'யைத்தான் ஏற்க முடியவில்லை. நம் ஊரில் அது மொய்ப்பது மாட்டை. குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் கட்டியிருந்த பசுவின் விலாவில் ஒன்று உட்கார்ந்திருந்தது, கண் இரண்டும் பச்சைக் கண்ணாடி போல. வால் வீச்சில் அது பறந்த பிறகும் அந்த இடத்திலிருந்து ரத்தம் வடிந்துகொண்டே இருந்தது. கொசு மாதிரி இது குத்தி உறிஞ்சுவதில்லை. கத்தி போன்ற வாயால் தோலை அறுத்து, ஊறி நிற்கும் ரத்தத்தை நக்குகிறது. 1880இல் கிரிஃபித் எவன்ஸ் பஞ்சாபில் கண்டறிந்த, கால்நடைகளைத் தாக்கும் சர்ரா நோயின் கிருமியையும் இப்படித்தான் கொண்டுபோகிறது. ஒரு மாட்டை அறுத்துவிட்டு, ரத்தம் காயாத வாயோடு அடுத்ததில் போய் உட்காரும். அதனால் இதற்கு மட்டும் இடத்தை விட்டு வாயை வைத்து 'அறுவாய் ஈ' என்கிறேன்.

எந்தப் பெயரானாலும் கடிப்பது பெண் மட்டும்தான், முட்டைக்காக. தொழுவ ஈயில் மட்டும் ஆணும் கடிக்கும். விளக்கக் குறிப்பில் இதையும் சேர்க்க வேண்டும்.

முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து ஆட்கள் யாராவது, அந்தச் சேற்றுப் பூச்சியை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். ஊரில் புழங்கும் சொல் ஒன்று கிடைத்தால் 'சேற்றுலங்கு' எனக்கு வேண்டாம், அதையே வைத்துக்கொள்வோம்.