நாலாம் வகுப்பு அறிவியல் கண்காட்சி: எரிமலை மாடலைத் தவிர வேறென்ன செய்யலாம்?

மதுரை அப்பா:
பொண்ணு நாலாவது படிக்கிறாள். இன்னும் இரண்டு வாரத்தில் ஸ்கூலில் சயின்ஸ் எக்ஸிபிஷன். ஸ்டேஷனரி கடையில் தெர்மகோல் எரிமலை ரெடிமேடாகவே விற்கிறார்கள், வாங்க மனசில்லை. அவளே கையால் செய்து, யாராவது கேட்டால் அவளே விளக்கிச் சொல்லும்படி இருக்கணும். செலவு 200 ரூபாய்க்குள். எலுமிச்சம்பழத்தில் லைட் எரிய வைக்கலாம் என்கிறார்களே, ஒரு ரூபாய் காசு, ஆணி, டார்ச் பல்பு இருந்தால் போதுமா? இல்லை, வேறு ஏதாவது யோசனை இருந்தால் அளவோடு சொல்லுங்கள்.

வேதியியல் டீச்சர்:
வாங்காமல் விட்டது நல்லது சார். எரிமலை மாடலில் பொங்குவது ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்ந்து வரும் கார்பன் டை ஆக்சைடு. நிஜ எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அதில் குழந்தை எண்ணவோ அளக்கவோ ஒன்றுமில்லை என்பது இன்னும் பெரிய குறை. இந்த வயதுக்கு ப்ராஜெக்ட் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: விடை ஓர் எண்ணாக வருகிற கேள்வியாக இருக்கணும், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்கணும்.

அதே ஆப்ப சோடாவை வைத்தே செய்யலாம். கேள்வி இது: "எலுமிச்சை, வினிகர், புளித்தண்ணீர் மூன்றில் எது அதிகப் புளிப்பு?" நாக்கு வேண்டாம், செம்பருத்திப் பூ சொல்லும்.

கடும் சிவப்பு செம்பருத்தி 8 முதல் 10 பூ. இதழை மட்டும் எடுங்கள், காம்பும் பச்சைப் புல்லியும் வேண்டாம். 100 மி.லி. சுடுதண்ணீர் ஊற்றி 15 நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் கருஞ்சிவப்புச் சாறு கிடைக்கும். சுடுதண்ணீர் ஊற்றுவது பெரியவர்கள் வேலை.

இன்னொரு 100 மி.லி. தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, தலை தட்டி அளந்து கரையுங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் இதில் 5 மி.லி. எடுத்து, செம்பருத்திச் சாறு 1 மி.லி. விட்டால் பச்சையாகும். மெடிக்கலில் ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் கேட்டு வாங்கினால் அளவு சரியாக வரும். இனி இங்க் ஃபில்லரால் எலுமிச்சைச் சாறைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் கலக்கி, நுரை அடங்கியபின் அடுத்தது. பச்சை முழுக்கப் போய் ரோஸ் நிறம் நின்றதும் எத்தனை சொட்டு என்று எழுதணும். எலுமிச்சையை வடிகட்டித்தான் எடுக்கணும், சக்கை ஃபில்லர் முனையை அடைத்தால் சொட்டின் அளவு மாறிவிடும். அதே மாதிரி வினிகர், பிறகு புளித்தண்ணீர்: நெல்லிக்காய் அளவு புளி, 50 மி.லி. தண்ணீர். சொட்டு குறைவாகச் செலவானால் புளிப்பு அதிகம்.

ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்யணும். ஒரே ஃபில்லர்தான் எல்லாவற்றுக்கும், நடுநடுவே கழுவிக்கொள்ளணும். வேறு வேறு ஃபில்லர் எடுத்தால் சொட்டின் பருமன் வேறாகி, ஒப்பிட்டதே வீண். பச்சை நிறம் ரொம்ப நேரம் நிற்காது, மஞ்சளாக வெளுக்கும். அதனால் சோடாவில் சாறை முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள். சாறும் வெளியில் வைத்தால் கெட்டுவிடும், கண்காட்சிக்கு முதல் நாள் இரவு எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும்.

பாத்ரூம் ஆசிட், ப்ளீச், வெற்றிலைச் சுண்ணாம்பு மூன்றையும் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

சால்டரிங் அண்ணன்:
டீச்சர் சொன்னதையே செய்யுங்கள் சார். ஆனாலும் எலுமிச்சை பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், நிறையப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

டார்ச் பல்பு எரியவே எரியாது. அதற்கு 200, 300 மில்லி ஆம்பியர் வேணும். எலுமிச்சை ஒரு மில்லி ஆம்பியர்கூடத் தேறுவது சிரமம். காசும் உதவாது, இப்போது வரும் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் துருப்பிடிக்காத எஃகு, செம்பே கிடையாது. எதிலும் மாட்டாத வீட்டு வயரிங் ஒயர்த் துண்டின் தோலை 5 செ.மீ. சீவி எடுத்தால் நல்ல செம்பு கிடைக்கும். ஆணி சாதா இரும்பாக இருந்தால் வோல்ட் பாதியாகிவிடும், ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. ஆணி என்று கேளுங்கள், துத்தநாகப் பூச்சு இருக்கும்.

பழத்தைத் தரையில் அழுத்தி உருட்டி உள்ளே சாறு விடவைத்து, செம்பையும் ஆணியையும் 2 செ.மீ. இடைவெளியில் குத்துங்கள். உள்ளே ரெண்டும் தொட்டால் ஒன்றுமே வராது. ஒரு பழத்துக்கு ஏறத்தாழ 0.9 வோல்ட். டார்ச் பல்புக்குப் பதில் சிவப்பு எல்.இ.டி. என்கிற குட்டி விளக்கைப் போடணும், அதற்கு 1.8 வோல்ட் வேணும், ரெண்டு பழம் போதும் என்று கணக்குத் தோன்றும். எல்.இ.டி.யை மாட்டியதும் வோல்ட் இறங்கும், அதனால் ஒரு பழத்தின் செம்பை அடுத்த பழத்தின் ஆணியோடு சேர்த்து, நாலு பழத்தை வரிசையாக இணைக்கணும். எல்.இ.டி.யின் நீளக் கால் செம்புப் பக்கம். அப்போதும் மங்கலாகத்தான் தெரியும், அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் காட்டுங்கள்.

இதில் குழந்தைக்குக் கொடுக்க நல்ல கேள்வி ஒன்று உண்டு: மின்சாரம் பழத்திலிருந்து வருகிறதா, உலோகத்திலிருந்தா? ஆணியை மாற்றாமல் பழத்துக்குப் பதில் உருளைக்கிழங்கு, தக்காளி வைத்தால் வோல்ட் அதிகம் மாறாது. பழத்தை அப்படியே விட்டு ஆணியை மாற்றினால் நன்றாகவே மாறும். கரைந்து சக்தி கொடுப்பது துத்தநாகம்தான். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இரவல் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். குத்திய பழத்தைக் கண்டிப்பாகச் சாப்பிடக் கூடாது.

மதுரை அப்பா:
ரொம்ப நன்றி. செம்பருத்தியே செய்கிறோம். சாறு எடுத்துப் பார்த்தோம், சிவப்புக்குப் பதில் அழுக்கு நீலமாக வந்தது. போர் தண்ணீர்தான் ஊற்றினோம். சார்ட்டில் ஒட்டலாம் என்று ஏ4 தாளில் சாறை நனைத்தால், எலுமிச்சை விட்டும் ரோஸ் சரியாக வரவில்லை. பூ சரியில்லையா?

வேதியியல் டீச்சர்:
பூவில் குறை இல்லை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்பே லேசான காரம் (மிளகாய்க் காரம் இல்லை, ஆப்ப சோடா மாதிரி புளிப்பை முறிப்பது), சாறு அதற்கே நிறம் மாறிவிட்டது. ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள். சோடா கரைக்கவும் அதுவே. இல்லாவிட்டால் சொட்டுக் கணக்கில் தண்ணீரின் காரமும் சேர்ந்து வரும்.

ஏ4 தாளிலும் அதே கதைதான். இப்போதைய வெள்ளைத் தாள்களில் வெண்மைக்காகக் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறார்கள், அதாவது சுண்ணாம்புக்கல் பொடி. நீங்கள் விடும் எலுமிச்சையை முதலில் அது தின்றுவிடும். லேப் சாமான் கடையில் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், அதில் இந்தப் பொடி இராது. நனைத்து நிழலில் உலர்த்தி ஒட்டலாம்.

சார்ட்டில் அழகுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். மூன்று தடவை எண்ணிய எண்களை அவள் கையெழுத்திலேயே கட்டம் போட்டு எழுதட்டும், 14, 17, 15 என்று ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்பட்டாலும் அப்படியே விடுங்கள். "ஏன் ஒரே மாதிரி வரவில்லை?" என்று நடுவர் கேட்டால், சொட்டின் பருமனும் ரோஸ் நிறத்தைக் கண் முடிவு செய்வதும் கொஞ்சம் மாறும் என்று அவளே சொல்லட்டும். மேஜையில் ஃபில்லரும் நாலைந்து வெள்ளைக் கிண்ணமும் கூடுதலாக வையுங்கள், பார்க்க வருகிற பிள்ளைகளும் சொட்டு விட்டு எண்ணிப் பார்க்கலாம்.