சின்னப் படகுக்கு எந்த எஞ்சின்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வாடைக்காற்று (பாம்பன்):

பன்னிரண்டடி ஃபைபர் படகு, மச்சானுடையது. பின்னால் 2.5 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக். விற்ற கடையில் "இந்த நீளத்துக்கு இது தாராளம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பாலத்துக்கு வடக்கே, வடகடலில் கரையோரமாக ஓடும்வரை அது உண்மையும்தான். கார்த்திகைக் கடைசியில் தென்கடல் பக்கம் போய்விட்டுத் திரும்பினோம். வாடை பிடித்துவிட்டால் பாம்பன் பாலத்துக்கு அடியில் தண்ணீர் எப்படித் தெற்கே இறங்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

த்ராட்டிலை முழுசாகத் திருகியாயிற்று. எஞ்சின் கத்துகிறது, பின்னால் நுரை தள்ளுகிறது. பக்கத்தில் பாலத்தூண், அதில் ஒட்டியிருந்த சிப்பிகள் கண்ணுக்கு நேரே தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அதே தூண், அதே சிப்பி. ஓர் அடிகூட நகரவில்லை. மச்சானின் பையன் "மாமா, நாம போறோமா?" என்று கேட்டான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? டீசல் வள்ளத்தில் வந்த ஓர் அண்ணன் கயிறு வீசி, "எஞ்சினை நிறுத்தாதே, நேரா பிடி" என்று கத்திக்கொண்டே வடக்கே இழுத்து விட்டார்.

கணக்கு எளிதுதான். தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கி ஓடாத படகுக்கு வேகத்தின் எல்லையை அதன் நீளமே வைத்துவிடுகிறது. தண்ணீரில் படும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்று) வரும். இந்தப் படகுக்கு நாலரைக்குப் பக்கம் வரும். எதிரே நாலு நாட் நீரோட்டம் வந்தால் மிச்சம் அரை நாட், அதையும் காற்று தின்றுவிடும். மச்சான் இப்போது 15 எச்.பி. வாங்கப் போகிறேன் என்று நிற்கிறார். இதேபோல மாட்டிக்கொண்டவர்கள் எழுதுங்கள்.

நெடுந்தீவான்:

அண்ணை, பதினைஞ்சு வேண்டாம் என்று மச்சானிட்டைச் சொல்லுங்கோ. என்ரை சித்தப்பாவின்ரை படகும் அந்த நீளம்தான். குறிகட்டுவானில் இருந்து வாற வழி, தென்மேற்குக் காற்று அடிக்கிற சோழகக் காலம். 15 போட்டிருந்தார். ஓடேக்கை நல்லாத்தான் ஓடினது. யாரோ விரிச்ச வலை முன்னுக்குத் தெரிய, சடாரென்று வேகத்தைக் குறைத்தார். படகு நின்றுவிட்டது, பின்னால் வந்த எங்கட அலை நிற்கவில்லை. அப்படியே எஞ்சின் பூட்டுற பின்பலகைக்கு மேலாலை ஏறி உள்ளே வந்தது. பெற்றோல் டாங்கி என் காலடியில் மிதந்ததை இப்பவும் நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும். வாளியாலும் கையாலும் அள்ளி இறைத்துத்தான் கரை சேர்ந்தோம்.

பாரம்தான் காரணம். 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக் 36 கிலோ அளவு, அதே வலு ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 50 கிலோவைத் தொடும். அதுக்குப் பக்கத்திலேயே ஓட்டுற ஆள், டாங்கி எல்லாம் பின்னுக்கு. பின்பலகை தண்ணீருக்கு எவ்வளவு கிட்ட வருது என்று கடைக்காரன் வந்து பார்க்கப் போறதில்லை. பதினெட்டடி, இருபதடிப் படகுக்கு 15 சரி. பன்னிரண்டுக்குப் பிழை.

பிட்வாட்டர் தமிழன் (சிட்னி):

எங்கள் பக்கம் கதை வேறு. இங்கே பாய்மரப் படகுகள் நடுத்தண்ணீரில் மிதவையில் கட்டிக் கிடக்கும். அவற்றுக்குப் போய்வர ஒரு காற்றடைத்த குட்டிப் படகு. எஞ்சினை அடிக்கடி கழற்றிப் பெரிய படகில் ஏற்றி வைக்க வேண்டும். எனவே இங்கே எல்லோரும் முதலில் கேட்பது எடை.

பக்கத்து மிதவைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். பிடிமானத் திருகுகளைத் தளர்த்திவிட்டு 17 கிலோ எஞ்சினைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு ஃபெர்ரியின் அலை வந்தது. குட்டிப் படகு ஒரு பக்கம், பெரிய படகு ஒரு பக்கம், நடுவில் அவர். கையை விட்டார். விட்டதால்தான் அவர் தண்ணீருக்குள் போகவில்லை. எஞ்சின் விழுந்த இடத்தில் பெட்ரோல் வானவில் நிறத்தில் பரவியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு நடந்ததைப் பார்த்த பிறகு வாங்கும்போது நான் ஹோண்டா 2.3 எடுத்தேன். காற்றால் குளிரும் எஞ்சின், 14 கிலோவுக்குள். சத்தம் அதிகம், அது உண்மை. ஆனால் உப்புத் தண்ணீர் எஞ்சினுக்குள் ஓடுவதே இல்லை. நியூ சவுத் வேல்ஸில் எஞ்சின் 4 கிலோவாட்டைத் தொட்டால் படகைப் பதிவு செய்ய வேண்டும். 5 எச்.பி. என்பது 3.7 கிலோவாட். இங்கே பலர் ஐந்தோடு நின்றுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். பத்து நாட் வேகத்துக்குக் கீழே ஓட்டினால் உரிமமும் தேவையில்லை.

குளச்சல் மெக்கானிக்:

நீங்கள் எல்லோரும் எச்.பி.யையும் கிலோவையும் பேசுகிறீர்கள். என் கடைக்கு வரும் எஞ்சின்களில் பாதி, வலு போதாமல் வருபவை இல்லை. பராமரிப்பு இல்லாமல் வருபவை.

எனக்கு நடந்தது ஒன்றுதான். சோதனை ஓட்டத்துக்குப் போனபோது எஞ்சினைக் குளிரவைத்துவிட்டுப் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து பீச்ச வேண்டிய தண்ணீர் நின்றுவிட்டது. அணைத்துவிட்டு எஞ்சினைத் தூக்கிப் பார்த்தால், தண்ணீர் இழுக்கும் சல்லடையில் பால் கவர் ஒட்டியிருந்தது. உரித்துப் போட்டேன், மறுபடி பீச்சியது. அதைப் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் கருகியிருக்கும், பிஸ்டன் இறுகியிருக்கும்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஸ்டார்ட் செய்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தண்ணீரைத்தான். இம்பெல்லரை வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், அது பெரிய செலவில்லை. கடலிலிருந்து வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினை அதில் இறக்கி ஓட்டுங்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 50க்கு 1 கணக்கு. பைக்குக்கு ஊற்றும் டூ டி ஆயில் வேண்டாம். தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு டி.சி.-டபிள்யூ.3 என்று டப்பாவில் போட்டிருக்கும், அதுதான். மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் பெட்ரோலில் கிளப்பிச் சூடான பிறகு மாற்றுங்கள். நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெட்ரோலில் கொஞ்சம் ஓட்டுங்கள், இல்லையென்றால் மறுநாள் கயிறு இழுத்தே தோள் போய்விடும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் டாங்கியைப் பாதி நிரப்பி மாசக்கணக்கில் வைத்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், எஞ்சின் இழுப்பது அதைத்தான். ஓட்டாத காலத்தில் கார்புரேட்டரைக் காலி செய்து வையுங்கள். டாங்கி மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறக்காமல் கிளம்புபவர்களும் உண்டு. கொஞ்ச தூரம் போனதும் பெட்ரோல் குழாயில் இருக்கும் பம்பு உருண்டை சப்பிப் போய் எஞ்சின் நின்றுவிடும், உடனே பழுது என்று எனக்கு போன் வரும்.

சிட்னி அண்ணனுக்கு: விழுந்த எஞ்சினை எடுத்தால் வெயிலில் காய வைக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிறு இழுத்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, அன்றைக்கே ஓட வைக்க வேண்டும். முடியாவிட்டால் நல்ல தண்ணீர் டிரம்முக்குள்ளேயே மூழ்க வைத்து மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். காற்றுப் பட்டால்தான் துரு வேகமாக ஏறும். ஃபோர் ஸ்ட்ரோக்கைப் படுக்க வைக்கும்போது கவரில் குறி போட்ட பக்கம் மட்டும் படுக்க வையுங்கள். மாறிப் படுத்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும்.

பூநாரை (பழவேற்காடு):

மெக்கானிக் அண்ணன் சொன்ன பாதி வேலை மின்மோட்டாருக்குக் கிடையாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஏரியில் பறவை பார்க்கப் போகும் எங்கள் குழு 12 வோல்ட் மோட்டார் ஒன்றைப் போட்டிருக்கிறது. 55 பவுண்டு தள்ளுவிசை. பெட்ரோல் எஞ்சின் வந்தால் பூநாரைக் கூட்டம் ரொம்ப தூரத்திலேயே எழும்பிவிடும். இதில் போனபோது அவை தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டே இருந்தன. காலால் சேற்றைக் கிளறுவதை முதல் முறையாக அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். அதற்காகவே இந்த மோட்டாரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் திரும்பும்போது காற்று எதிரே. முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆக ஒரு மணி நேரம். மோட்டாரின் சத்தம் மெல்ல மெல்லக் கீழே இறங்குவது கேட்டது. படகோட்டி ஒன்றும் சொல்லாமல் கம்பை எடுத்து ஊன்ற ஆரம்பித்தார். ஏரி ஆழமில்லாதது, அதனால் கம்பு எட்டியது.

வாடைக்காற்று:

சகோதரி, பாம்பன் கால்வாயில் கம்பு எட்டாது. மின்மோட்டார் ஏரிக்குச் சரி, இந்தத் தண்ணீருக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மெக்கானிக் அண்ணே, மச்சானின் எஞ்சின் புதுசு, தண்ணீர் நன்றாகவே பீச்சியது. அன்றைக்குக் குறை பராமரிப்பில் இல்லை, வலுவில்தான். நெடுந்தீவு அண்ணன் சொன்ன பின்பலகை விஷயத்தை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது 9.9 என்று இறங்கி வந்திருக்கிறார்.

நெடுந்தீவான்:

9.9 ஃபோர் ஸ்ட்ரோக்கும் 40 கிலோ அளவு வரும் அண்ணை. 6 பாருங்கோ. பல கம்பெனிகளில் 4, 5, 6 மூன்றும் ஒரே சிலிண்டர், ஒரே உடம்பு. பாரம் 25, 27 கிலோ. நாலுக்கும் ஆறுக்கும் பாரத்தில் வித்தியாசம் இல்லாதபோது ஏன் நாலை வாங்க வேணும்? அதில் நியூட்ரல், ரிவேர்ஸ் இரண்டும் இருக்கும். உங்கட 2.5 இல் பின்னுக்குப் போக எஞ்சினையே சுத்தித் திருப்ப வேண்டியிருந்திருக்கும்.

6 போட்டாலும் உங்கட நாலரை நாட் பெரிசாக் கூடப் போறதில்லை, அதையும் சொல்லிப்போடுறன். ஆனால் காத்தும் அலையும் எதிர்த்தாலும் அந்த வேகம் விழாது. ப்ரொப்பெல்லர் வாங்கேக்கை பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னுக்குப் போற தூரம்) குறைந்ததாகக் கேளுங்கோ. வேகத்துக்கு இல்லை, தள்ளுறதுக்கு. நீரோட்டம் முழு வலுவில் இறங்கிற நேரம் 6 ஆலும் ஏலாது. தண்ணி தணியுமட்டும் தென்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கச் சொல்லுங்கோ. நங்கூரமும் நீளக் கயிறும் படகில் இருக்கோ என்று முதலில் பாருங்கோ.

குளச்சல் மெக்கானிக்:

தம்பி, 6 நல்ல முடிவு. ஆனால் கடைக்குப் போவதற்கு முன் பின்பலகையின் உயரத்தை அளந்தீர்களா? மேல் விளிம்பிலிருந்து நேர்கீழே படகின் அடிவரை, நடுவில் அளக்க வேண்டும். 38 சென்டிமீட்டர் பக்கம் வந்தால் ஷார்ட் ஷாஃப்ட், அதாவது கால் குட்டையான எஞ்சின்; 51 பக்கம் வந்தால் லாங் ஷாஃப்ட், கால் நீளமானது. ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். மேலே நின்றால் அலையில் காற்றை இழுத்து வெறுமனே சுற்றும். நீங்கள் சொன்ன அந்த நுரை எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. மச்சானின் பழைய எஞ்சின் அந்தப் பலகைக்கு ஷார்ட்டாக இருந்திருக்கலாம். அளந்து போடுங்கள், இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.