சித்திரை வெயிலில் புழக்கடைக் கோழிகளை எப்படிக் காப்பது?

கேள்வி (கரூர் மாவட்டம்)

வணக்கம். வீட்டுப் புழக்கடையில் சிறுவிடை என்னும் நாட்டுக் கோழிகளையும், கிரிராஜா என்னும் கலப்பினக் கோழிகள் சிலவற்றையும் சேர்த்து வளர்த்து வருகிறோம். கொட்டகைக்குச் செங்கல் சுவர், மேலே சிமெண்ட் அட்டை. மேற்குப் பக்கத்தில் நிழல் தர மரம் எதுவும் இல்லை. கத்திரி தொடங்குவதற்கு முன்பே 40 டிகிரியைத் தொட்டுவிடும் எங்கள் ஊரில், உச்சிப்பொழுது ஆனதும் கோழிகள் வாயைத் திறந்து இளைக்கின்றன. இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு சுவரோரமாக நிற்கின்றன. முட்டை குறைந்துவிட்டது, கிடைக்கிற முட்டைகளிலும் சில ஓடு கெட்டியாகாத தோல்முட்டைகளாக இருக்கின்றன. பெரிய மின்விசிறி ஒன்று வாங்கி வைக்கலாமா, மக்காச்சோளம் சூடு என்று அதை நிறுத்திவிட்டுக் கம்பு மட்டும் போடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (ஈரோடு)

மின்விசிறிக்குச் செலவு செய்யும் முன் கூரையைக் கவனியுங்கள். சிமெண்ட் அட்டை பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தைக் கீழே நிற்கும் கோழியின் முதுகில் இறக்கிக்கொண்டே இருக்கும். அட்டையின் மேல் தென்னங்கீற்றைக் கனமாகப் பரப்பிக் கட்டி, முற்பகலில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் நனைத்துவிடுங்கள். கீற்று கிடைக்காவிட்டால் சுண்ணாம்பாவது அடித்துவிடுங்கள். மேற்குப் பக்கத்தில் மூன்று நான்கு அடி வெளியே தள்ளிச் சாய்வாக ஒரு கீற்றுத் தட்டி இறக்கினால், மாலை வெயில் சுவரில் படாது.

மின்விசிறியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரிக்கு மேல். காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்போது கொண்டை, தாடி, கால் ஆகியவற்றின் வழியாக வெப்பம் வெளியேறும். காற்றே 40 டிகிரியை எட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டு, மூச்சோடு ஈரத்தை வெளியேற்றுவது மட்டுமே அதற்கு மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் வெறும் விசிறி அனல் காற்றைத்தான் வீசும். காற்று வரும் பக்கத்தில் சணல் சாக்குகளைத் தொங்கவிட்டு நனைத்து வையுங்கள். உங்கள் ஊரின் வறண்ட காற்றில், மண்பானையில் தண்ணீர் குளிர்வதைப் போலவே, சாக்கின் வழியாக நுழையும் காற்றும் குளிர்ந்து வரும். எதிர்ப்பக்கத்தை மட்டும் கட்டாயம் திறந்து விடுங்கள். நான்கு பக்கமும் சாக்குக் கட்டினால், கோழிகள் விடும் மூச்சின் ஈரமே உள்ளே தேங்கி நிலைமையைக் கெடுத்துவிடும்.

பதில் (நாகப்பட்டினம்)

மேலே சொன்னது உள் மாவட்டங்களுக்குத்தான் பொருந்தும் என்பதைப் பிற வாசகர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். கடற்கரை ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் சாக்கு நனைப்பதும் தண்ணீர் தெளிப்பதும் அவ்வளவாகப் பயன் தருவதில்லை. சில நாட்களில் கோழிகள் முன்னைவிட அதிகமாக இளைப்பதையே பார்க்கிறோம். இங்கே நிழலும் காற்றோட்டமும்தான் கைகொடுக்கும். உங்கள் ஊரில் வேண்டாம் என்று தோன்றும் மின்விசிறி எங்களுக்கு உதவும்.

பதில் (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)

தோல்முட்டைக்கும் இந்த இளைப்புதான் காரணம். இளைக்கும் கோழியின் இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது என்பதால், அதற்கு வேண்டிய கார்பனேட்டுக்கு அங்கே பற்றாக்குறை ஏற்படுகிறது. வெயிலில் தீனி எடுப்பது குறைந்து கால்சியமும் குறைந்துவிடுவதால் ஓடு மேலும் மெலிகிறது. கிளிஞ்சல் தூளைக் கொடுக்கலாம், அதை மாலையில் கொடுங்கள். ஓடு உருவாகும் வேலையில் பெரும்பகுதி இரவில்தான் நடக்கிறது. ஆனால் இளைப்பைக் குறைக்காமல் கிளிஞ்சலை மட்டும் கூட்டினால் தோல்முட்டை நிற்காது.

கம்பா மக்காச்சோளமா என்பதைவிட, எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். எந்தத் தானியமானாலும் செரிக்கும்போது உடலில் வெப்பம் உண்டாகும். தின்ற பின் சில மணி நேரம் அது நீடிக்கும். ஆகவே விடிந்ததும் தீனி போட்டு, ஒன்பது மணிக்குள் மிச்சத்தை எடுத்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி போடுங்கள். கிரிராஜா எடை கூடிய கோழி. சிறுவிடையைவிட அதுதான் முதலில் துவளும் என்பதால், கொட்டகையில் குளிர்ச்சியான பக்கத்தை அதற்கு ஒதுக்கலாம்.

சாதாரண நாளில் ஒரு கோழி ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். இந்த வெயிலில் அரை லிட்டர் என்று கணக்கிட்டு வையுங்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் சூடான நீரைக் கோழி தொடாது. மண் சட்டிகளை நிழலில் பாதி புதைத்து, மதியம் ஒரு முறை நீரை மாற்றுங்கள். வலுத்த சேவல் ஒன்று மற்றவற்றை விரட்டாதபடி இரண்டு மூன்று இடங்களில் வைப்பது நல்லது. கடும் வெயில் நாட்களில் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் எலெக்ட்ரோலைட் பொடியை அதன் உறையில் உள்ள அளவுப்படி கலக்கலாம். சாக்கு நனைக்கும் தண்ணீர் தரைக் கூளத்தில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; ஈரக் கூளத்தில் அம்மோனியா நெடியும் இரத்தக் கழிச்சலும் வரும்.

கழுத்தைத் தொங்கவிட்டு விழுந்துவிட்ட கோழியை நிழலுக்குக் கொண்டுபோய், கால்களைச் சாதாரணத் தண்ணீரில் அமிழ்த்தி, கொண்டையையும் தாடியையும் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். அலகு நுனியில் சொட்டு வைத்தால் அதுவே நக்கிக்கொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை. வெயில் தணிந்த பிறகும், விடியற்காலையிலும்கூட இளைப்பு நிற்கவில்லை, எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகிறது, கழுத்து திருகுகிறது என்றால் அது வெயிலால் வந்ததல்ல. ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோயாக இருக்கலாம். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இதற்கான தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. தவறவிட்டிருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். நலமாக உள்ள கோழிகளுக்கு மட்டும், காலைக் குளிர்ச்சியில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர் (கரூர்)

அனைவருக்கும் நன்றி. மாலைக்குப் பிறகு இளைப்பு நின்றுவிடுகிறது, எச்சமும் சரியாகவே இருக்கிறது. எனவே வெயில்தான் காரணம் என்று நினைக்கிறேன். மருத்துவர் ஐயா சொன்னபடி தீனி நேரத்தை இன்றே மாற்றிவிடுகிறோம். ஒரு கோழி அட்டைக்குக் கீழே அடை உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பிவிடலாமா?

பதில் (திண்டுக்கல்)

எழுப்ப வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். இரவில் கூடையோடு தூக்கி, ஓட்டு வீட்டுத் திண்ணையிலோ தானியம் வைக்கும் அறையிலோ தரையில் வையுங்கள். கூடையின் அடியில் ஈர ஆற்று மணலைப் பரப்பி, அதன் மேல் வைக்கோல் போட்டு முட்டைகளை வைத்தால் அடிச்சூடு ஏறாது. காலையில் வெயில் ஏறும் முன்பே அது இறங்கித் தின்று குடித்துவிட்டுப் போகும்படி தீனியையும் தண்ணீரையும் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். அடுத்த அடைக்குச் சேர்க்கும் முட்டைகளை அடுக்களையில் வைக்காதீர்கள். இந்த வெக்கையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துப் போகும், 21 நாள் காத்திருந்து கடைசியில் கூழ்முட்டைதான் மிஞ்சும். ஈரமணல் நிரப்பிய பானையின் மேல் ஒரு தட்டில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்கு மேற்பட்டவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.