டைசனா, அலியா? குன்னூர் குடும்பக் குழுவில் ஒரு மாலை

கார்த்தி: ஹாஸ்டலில் ஓயாத சண்டை. எல்லாக் காலத்துக்கும் சேர்த்து ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பாக்ஸர்கள் பட்டியல் போட்டிருக்கிறோம். மைக் டைசன் 1, முகமது அலி 2, ஜார்ஜ் ஃபோர்மேன் 3, ஜோ ஃப்ரேசர் 4. பெரியப்பா, சரிதானா?

பிரபு சித்தப்பா: நூற்றுக்கு நூறு. 1986இல் இருபது வயதில் சாம்பியன் ஆனவன் டைசன். அந்த வேகம் வேறு யாருக்கு வரும்?

செல்வி அக்கா: அப்பா கண்ணாடியை மாட்டிவிட்டார். எல்லாரும் டீ போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பெரியப்பா: கார்த்தி, ஃப்ரேசரை ஃபோர்மேனுக்குக் கீழே போட்டது எந்தக் கணக்கில்?

கார்த்தி: 1973, ஜமைக்காவின் கிங்ஸ்டன். இரண்டே ரவுண்டில் ஃப்ரேசரை ஆறு முறை கீழே தள்ளினார் ஃபோர்மேன். வேறென்ன கணக்கு வேண்டும்?

பெரியப்பா: சரி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1971 மார்ச்சில், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அலியைத் தோற்கடித்தவர் அதே ஃப்ரேசர். பதினைந்தாவது ரவுண்டில் ஒரு இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து, அலி மல்லாக்க விழுந்தார். அப்படியானால் ஃபோர்மேன் அலியை ஊதித் தள்ளியிருக்க வேண்டுமே? 1974இல் கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் விழுந்தது யார்?

கார்த்தி: ஃபோர்மேன்.

பெரியப்பா: இடையில் கென் நார்ட்டன் என்று ஒருவர். 1973இல் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். பிறகு இரண்டு முறை அலி ஜெயித்தாலும் இழுபறியாகத்தான் ஜெயித்தார். அந்த நார்ட்டனை ஃபோர்மேன் இரண்டு ரவுண்டில் முடித்துவிட்டார். இப்போது இந்த நாலு பேரையும் வரிசையாக நிறுத்திக் காட்டு பார்க்கலாம்.

பிரபு சித்தப்பா: அண்ணா 1980இல் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் அலியை நேரில் பார்த்தவர். அதனால்தான் இந்த வக்காலத்து.

பெரியப்பா: பார்த்தது ஜிம்மி எல்லிஸோடு ஆடிய கண்காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அலிக்கு 38 வயது, உடம்பு கனத்துவிட்டது. அன்று பார்த்ததை வைத்துப் பட்டியல் போட்டால் அவர் பெயரே வராது பிரபு.

சுமதி சித்தி: மேல் ரோட்டுப் படிக்கட்டில் காட்டெருமை நிற்கிறது. ட்யூஷனுக்குப் போன பிள்ளைகளை ஸ்கூல் வழியாகச் சுற்றி வரச் சொல்லுங்கள். யாரும் போட்டோ எடுக்கிறேன் என்று பக்கத்தில் போக வேண்டாம்.

செல்வி அக்கா: சொல்லிவிட்டேன் சித்தி. சரி அப்பா, ஏன் அப்படி மாறி மாறி நடக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

பெரியப்பா: ஃப்ரேசர் குனிந்து, தலையை ஆட்டிக்கொண்டே எதிராளியின் நெஞ்சுக்குள் நுழைவார். அலி கைகளைத் தாழ்த்தி வைத்து, பின்னால் சாய்ந்து தப்பிப்பவர். அப்படிச் சாயும் இடத்துக்குத்தான் ஃப்ரேசரின் இடது ஹூக் வந்து சேரும். ஃபோர்மேனிடம் இந்த வித்தை பலிக்காது. அவர் இரண்டு கையாலும் தோளைப் பிடித்துத் தள்ளி, தூரம் உண்டாக்கி, கீழிருந்து அப்பர்கட் போடுவார். குனிந்து வருகிறவனுக்கு முகத்தை அவனே கொண்டுவந்து கொடுத்த மாதிரி.

கார்த்தி: அலியிடம் மட்டும் ஃபோர்மேனுக்கு ஏன் அது நடக்கவில்லை?

பெரியப்பா: அலி குனியவே இல்லையே. கயிற்றில் சாய்ந்து, கையை முகத்துக்கு முன்னால் வைத்து, அடியையெல்லாம் முழங்கையிலும் தோளிலும் வாங்கினார். இன்னொன்று, ஃபோர்மேன் அதற்கு முன் ஆடிய மூன்று பட்டப் போட்டிகளும் இரண்டு ரவுண்டைத் தாண்டவில்லை. பார்க்கிறவனுக்கு அது பலம். ஆனால் ஆறாவது ரவுண்டில் மூச்சை எப்படிச் சேமிப்பது என்று பழக அவருக்கு வாய்ப்பே அமையவில்லை. ஆப்பிரிக்கப் புழுக்கம் வேறு.

பிரபு சித்தப்பா: டைசனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தூரமும் தெரியும், வேகமும் உண்டு.

பெரியப்பா: நம் பக்கத்து வெலிங்டனில் நான் ரிங்கில் இறங்கிய காலத்தில் ஒரு இடதுகைக்காரன் இருந்தான். என்னைவிட ஒன்றும் பெரிய ஆள் இல்லை, மற்ற எல்லாரிடமும் அடி வாங்குவான். என்னால் மட்டும் அவனை அடிக்க முடியாது. நமக்கு இடது கால் முன்னால், அவனுக்கு வலது கால் முன்னால். இரண்டு முன்கால்களும் ஒன்றையொன்று மிதிக்கும். என் ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) போகிற வழியில் அவன் கை குறுக்கே நிற்கும். பாதத்தை அவன் பாதத்துக்கு வெளியே வைக்கப் பார்ப்பேன், அவனும் அதையேதான் பார்ப்பான். என் கவனமெல்லாம் காலில் இருக்கும்போது முகத்தில் அவன் இடது கை விழும். இந்தக் கால ஹெவிவெயிட் உசிக் இடதுகைக்காரர் என்பதை மறந்துவிட்டு, அவரிடம் ஜோஷுவாவும் ஃப்யூரியும் தோற்றதைப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

கார்த்தி: உசிக்குக்கும் ஃப்யூரிக்கும் பதினைந்து கிலோவுக்கு மேல் எடை வித்தியாசம் பெரியப்பா. எப்படி ஒரே பிரிவு?

பெரியப்பா: ஹெவிவெயிட்டுக்கு மட்டும்தான் மேல் வரம்பு கிடையாது. மற்ற பிரிவுகளில் கிட்டத்தட்ட ஒரே உடம்புள்ள இரண்டு பேர் மோதுவார்கள். இங்கே 49 போட்டி ஆடி ஒன்றிலும் தோற்காத மார்சியானோவின் எடை சுமார் 84 கிலோ. இன்றைய கணக்கில் அவர் க்ரூஸர்வெயிட், ஹெவிவெயிட்டே இல்லை. ஃப்யூரி 206 செண்டிமீட்டர் உயரம். எந்தத் தராசில் வைத்து நிறுப்பாய்? அன்று 15 ரவுண்டு, இன்று 12. 1975 மணிலாவில் அலியும் ஃப்ரேசரும் மோதிய போட்டியை எடுத்துக்கொள். 14 ரவுண்டு முடிந்ததும் போதும் என்று ஃப்ரேசரை எழுந்திருக்க விடாமல் நிறுத்தினார் அவருடைய பயிற்சியாளர் எட்டி ஃபட்ச். 12 ரவுண்டு விதி அன்றே இருந்திருந்தால் அந்தக் காட்சியே கிடையாது, நடுவர்களின் தாள்தான் முடிவு சொல்லியிருக்கும்.

செல்வி அக்கா: ஹெவிவெயிட் சாம்பியன் லென்னாக்ஸ் லூயிஸ் தோற்ற கதையைச் சொல்லுங்கள் அப்பா. நம்ம மலைக்குச் சம்பந்தப்பட்டது.

பெரியப்பா: ஆமாம். 2001இல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம். 1,600 மீட்டருக்கு மேல் உயரம், நம் குன்னூரைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. எதிராளி ஹசீம் ரகுமான் முன்கூட்டியே போய்த் தங்கி அந்தக் காற்றுக்குப் பழகினார். லூயிஸ் ஒரு சினிமாப் படப்பிடிப்பை முடித்துக்கொண்டு சாவகாசமாகப் போனார். ஐந்தாவது ரவுண்டில் ஒரே வலது கை, படுத்துவிட்டார். சமவெளியிலிருந்து வெலிங்டனுக்கு வந்த பையன்கள் முதல் வாரம் இரண்டாவது ரவுண்டிலேயே வாயைத் திறந்து மூச்சு விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதே வருஷம் நவம்பரில் லாஸ் வேகஸில் லூயிஸ் நாலு ரவுண்டில் ரகுமானைச் சாய்த்தார். அதே இரண்டு பேர்தான், ஏழு மாதத்தில்.

பிரபு சித்தப்பா: அதைக் காற்று என்றும் சொல்லலாம், அலட்சியம் என்றும் சொல்லலாம்.

பெரியப்பா: அதுதான் தம்பி பெரிய சிக்கல். கையை அளக்கலாம், மனசை அளக்க முடியாது. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் உன் டைசனை வீழ்த்திய பஸ்டர் டக்ளஸை யாரும் மதிக்கவே இல்லை. சூதாட்டக்காரர்கள் கொடுத்த விலை 42க்கு 1. போட்டிக்கு 23 நாள் முன்னால் அவர் அம்மா இறந்துபோனார். எட்டாவது ரவுண்டில் கீழே விழுந்தவர் எழுந்து, பத்தாவதில் டைசனைக் கையுறையும் காலுமாகத் தவழ வைத்தார். அதே டக்ளஸ் அக்டோபரில் எடை போட்டு வந்து, ஹோலிஃபீல்டிடம் மூன்றாவது ரவுண்டில் படுத்துவிட்டார். டக்ளஸ் நல்ல பாக்ஸரா இல்லையா, நீயே சொல்.

கார்த்தி: பிப்ரவரி டக்ளஸ் நல்ல பாக்ஸர். அக்டோபர் டக்ளஸ் இல்லை.

சுமதி சித்தி: அப்படியே எல்லாருக்கும் மாதக் காலண்டர் ஒட்டிவிடுங்கள்.

கார்த்தி: நண்பன் ஒருவன் ஏஐயிடம் கேட்டிருக்கிறான். எல்லாப் புள்ளிவிவரமும் போட்டால் அலிதான் வருகிறாராம்.

பெரியப்பா: இதெல்லாம் புதிதல்ல. 1969இலேயே கம்ப்யூட்டரிடம் கேட்டார்கள். அலியையும் ஓய்வு பெற்ற மார்சியானோவையும் ரிங்கில் நடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். படம் வெளிவருவதற்கு முன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். அமெரிக்காவில் காட்டியதில் 13வது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவுக்கு அனுப்பியதில் அலி ஜெயித்தார்.

செல்வி அக்கா: டிக்கெட் வாங்குகிறவன் யார் என்று பார்த்து முடிவு சொல்லியிருக்கிறது. கெட்டிக்காரக் கம்ப்யூட்டர்.

கார்த்தி: சரி பெரியப்பா, கடைசியாக ஒன்று. டைசனும் ஃபோர்மேனும் மோதினால்?

பெரியப்பா: எந்த ஃபோர்மேன்? 1973இல் இருந்தவரா, 1994இல் 45 வயதில் மைக்கேல் மூரரைச் சாய்த்துத் திரும்பவும் சாம்பியன் ஆனவரா?

கார்த்தி: 1973.

பெரியப்பா: அப்படியானால் ஃபோர்மேன் பக்கம் சாய்வேன். டைசனும் குள்ளம், குனிந்து உள்ளே வருபவர், ஃப்ரேசர் மாதிரி. ஆனால் ஃப்ரேசர் சூடாக நாலு ரவுண்டு ஆகும், டைசனுக்கு மணி அடித்ததுமே சூடு. முதல் இரண்டு நிமிஷத்தில் எதுவும் நடக்கலாம்.

பிரபு சித்தப்பா: அந்த இரண்டு நிமிஷம் போதும் அண்ணா. டைசன்தான்.

பெரியப்பா: நாளைக்கு வீட்டுக்கு வா, கிங்ஸ்டன் வீடியோ போட்டுக் காட்டுகிறேன்.

பிரபு சித்தப்பா: நான் டைசன் ஸ்பிங்க்ஸை வீழ்த்திய வீடியோ கொண்டு வருகிறேன். 91 செகண்ட்தான், உங்கள் டீ ஆறாது.