புல்லட் ரயில்: நமக்குத் தாங்குமா?

கணக்குப்பிள்ளை:
மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் பாதை 508 கி.மீ. 2017 செப்டம்பர் 14 அன்று மோடியும் ஷின்சோ அபேயும் அடிக்கல் நாட்டியபோது சொன்ன செலவு சுமார் 1.08 லட்சம் கோடி. கிலோமீட்டருக்கு 200 கோடிக்கு மேல். சரியாக 15 நாள் கழித்து, அதே மும்பையில் எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் நடைமேம்பால நெரிசலில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரு அகலமான படிக்கட்டுக்கு இல்லாத காசு இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

தண்டவாளம்:
ஜப்பானிலிருந்து வந்தது. அப்போது சொன்ன செலவில் 81 சதவீதம் அவர்கள் கடன். வட்டி 0.1 சதவீதம், 50 வருடத் தவணை, முதல் 15 வருடம் அசல் கட்ட வேண்டாம். படிக்கட்டு கட்டுகிறோம் என்று கேட்டால் இந்தக் கடன் கிடைக்காது. படிக்கட்டு கட்டாதது நிர்வாகத்தின் குற்றம், அதை இதன் தலையில் கட்டாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது ஆடித் தள்ளுபடி புத்தி. கடன் யென்னில், திருப்புவதும் யென்னில். 50 வருடத்தில் ரூபாய் எங்கே போய் நிற்கும், யார் ஜாமீன்? இந்தோனேசியாவைப் பாருங்கள். ஜகார்த்தா–பாண்டுங் அதிவேகப் பாதை 142 கி.மீ.தான். 600 கோடி டாலரில் ஆரம்பித்து 700 கோடியைத் தாண்டி 2023-ல் ஓடியது. 2025-ல் கடனைச் சீரமைக்கச் சீனாவிடம் பேச்சு. பாண்டுங் நகருக்குள் போகப் பாடலாராங்கில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும்!

தண்டவாளம்:
1964-ல் ஜப்பான் மட்டும் பணக்கார நாடா? உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கித்தான் டோக்கியோ–ஒசாகா புல்லட் பாதையைக் கட்டினார்கள். செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி, ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜியும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் திறப்பு விழாவுக்கு முந்தைய வருடமே பதவியை விட்டுப் போனார்கள். இன்று அந்தப் பாதையை யாராவது தண்டம் என்கிறார்களா?

இருகூரான்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பணத்தை விட எனக்கு உறுத்துவது கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் உள்ள அகலம். நம் அகலப்பாதை 1,676 மி.மீ., புல்லட் பாதை 1,435. மொரோக்கோ 2018-ல் என்ன செய்தது? டாஞ்சியரிலிருந்து கெனித்ரா வரை மட்டும் புதுப்பாதை. அங்கிருந்து காசாபிளாங்காவுக்கு அதே ரயில் பழைய பாதையிலேயே போகிறது. பாதி வழிக்குச் சற்று மேல்தான் அதிவேகப் பாதை, ஆனாலும் பயண நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நாம் அப்படிச் செய்யவே முடியாது. அகமதாபாத்தின் சபர்மதியில் பாதை முடிந்தால் ரயிலும் முடிந்தது.

தண்டவாளம்:
நல்ல கேள்வி நண்பரே. ஆனால் ஜப்பானின் பழைய பாதையும் 1,067 மி.மீ.தான். வேறு கேஜில் தனியாகப் போட்டதால் சரக்கு ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம், லெவல் கிராசிங் கிடையாது. இத்தனை வருடத்தில் தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணி கூட இறக்கவில்லை.

இருகூரான்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் ஒசாகாவோடு நிற்கவில்லையே, 1975-ல் மேற்கே ஹகாட்டா வரை நீட்டிவிட்டார்கள். நாம் 2017-ல் கல் நாட்டி, மகாராஷ்டிரத்தில் நிலம் எடுத்து முடிக்கவே 2024 ஆனது. இந்த வேகத்தில் அடுத்த பாதை எப்போது? அதுவரை இது தனித்தீவு.

கணக்குப்பிள்ளை:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

இருகூரான்:
இல்லை அண்ணே, நீங்கள் சொல்வது வேண்டாம் என்று. நான் சொல்வது, ஒன்றோடு நிறுத்துவதாக இருந்தால் வேண்டாம் என்று.

தாராவிக்காரன்:
எங்கள் ஏரியாவுக்குப் பக்கத்தில் பிகேசியில்தான் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) புல்லட் ரயில் ஸ்டேஷனுக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். குஜராத் பக்கம் 300 கி.மீ.க்கு மேல் மேம்பாலம் எழுந்து நிற்கிறது, இனி வேண்டுமா வேண்டாமா என்று பேசி என்ன ஆகப்போகிறது? என் அண்ணன் குஜராத்தில் வாபியில் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கிறார், சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வருவார். வாபியிலும் நிற்குமாம். டிக்கெட் எவ்வளவு என்று யாராவது சொல்லுங்கள் சார், அப்புறம் தகுமா இல்லையா என்று அவரே சொல்லிவிடுவார்.